அவருடைய களிம்பு டப்பா

உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டையை எனக்கு வாங்கி வந்தவர் என் கணவர்தான். உள்ளே ஜட்டி போட்டு அதை மாட்டிக்கொண்டேன். போடாமல் வெளியே போவது என் கனவிலும் வராத காரியம். ஞாயிறு காலை அவருடைய ஆபீஸ் நண்பர்களோடு ரெம்பியாவிலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். மஸ்ஜித் தானா ஊரை எட்டுவதற்குள் ஜட்டியின் தையல் உராய்ந்து உராய்ந்து, தொடையிடுக்கில் தோல் உரிந்து தீயாய் எரிந்தது.

பசியாற நிறுத்திய கடையில் நான் காலை அகட்டி நடப்பதை, கூட வந்த அக்கா ஒருவர் பார்த்துவிட்டார். கழிவறைப் பக்கம் இழுத்துப் போய்க் கேட்டார்.

“உள்ள ஜட்டி போட்டிருக்கியா? இந்தச் சிலுவாருக்குள்ள ஒண்ணும் போடக்கூடாது லா. களிம்பு தடவிட்டு அப்படியே மாட்டணும். வீட்டுக்காரர் சொல்லலையா?”

சொல்லவில்லை. ஞாயிறுதோறும் குளியலறைக்குள் அவர் எடுத்துப்போகும் டப்பா எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அதையெல்லாம் எப்படி வாய்விட்டுச் சொல்றது? வெக்கமா இருக்காதா?” என்றார்.

மூன்று பிள்ளை பெற்றபோது வராத வெட்கம்.

என்னால் மறுபடி சைக்கிளில் ஏற முடியவில்லை. மகனுக்குப் போன் போட்டுக் காரை வரவழைத்தேன். நான் ஏறும்போது, என்ன ஆயிற்று என்று நண்பர்கள் விசாரித்தார்கள். வாயில் ரொட்டி சானாயோடு, கொஞ்சமும் வெட்கப்படாமல், கடைக்கே கேட்கும்படி அவர் சொன்னார்:

“பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தாங்காது லா.”