தம்பி மாட்டிய சிவப்பு அட்டை

எங்கள் வீட்டு நடு அறையின் சுவிட்ச் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. பிளாஸ்டிக் உறை போட்டது. 'அபாயம், இயக்காதே' என்று தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே, அடையாள அட்டைக்கு எடுத்த புகைப்படத்தில் என் தம்பி. சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, யாரோ அதட்டியது போல நிமிர்ந்து நிற்கிறான். அட்டையின் ஒரு மூலை வெப்பத்தில் சுருண்டு பழுப்பாகிவிட்டது. அதற்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்து என் மகள் ஒரு நுரைப்பந்தை வலது கையில் வைத்து அமுக்கப் பார்க்கிறாள். விரல்கள் பந்தைத் தொடுகின்றன, ஆனால் மடங்குவதில்லை. உள்ளங்கைத் தோல் இழுத்துப் பிடிக்கிறது. கை பழையபடி மூடுமா என்று ஒவ்வொரு முறையும் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் கேட்கிறேன். "பார்க்கலாம்" என்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை.

அந்த அட்டை தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. இயந்திரத்தைப் பழுது பார்க்க உள்ளே கை விடுகிறவர் முதலில் மின்சாரத்தை அணைத்து, அந்தச் சுவிட்சில் தன் படம் போட்ட அட்டையை மாட்ட வேண்டும். மாட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது, மேலாளரே ஆனாலும். மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டால் போன் போட்டு வரவழைப்பார்களே தவிர, கழற்ற மாட்டார்கள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் இருக்கும் எனக்கும் இது தெரியும். ஆனால் வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் மெயின்டனன்ஸ் பார்த்த என் தம்பிக்கு அது ஏறக்குறைய சாமி விஷயம். யாரோ ஒருவர் அவசரத்தில் அட்டையைக் கழற்றியதால் இன்னொருவர் கை போன கதையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் பலமுறை சொல்லியிருக்கிறான். என் மகள் சின்ன வயதில் அதைக் கேட்டுவிட்டு, சிவப்புக் கலர் அடித்த காகிதத்தில் தன் படத்தை ஒட்டி டிவி ரிமோட்டில் கட்டி வைப்பாள். கார்ட்டூன் முடியும் வரை நாங்கள் செய்தி பார்க்க முடியாது. "சட்டம்னா சட்டம்க்கா" என்று தம்பி அவள் பக்கம் நிற்பான்.

காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொன்ன பிறகு அவன் எங்களோடு வந்து தங்கினான். கணவர் இறந்தபின் நானும் மகளும் மட்டும் இருந்த வீடு. மகளும் பர்கூரில் கல்லூரி விடுதியில் இருந்ததால் அவன் வந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. காலையில் பெங்களூர் ஓரத்துத் தொழிற்பேட்டைகளான பொம்மசந்திரா, ஜிகினி பக்கம் வேலை கேட்டு பஸ் ஏறுவான். நாற்பதை நெருங்கும் ஆளை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, இருபது வயதுப் பையன்களை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து அதைப் பற்றிப் பேச மாட்டான். செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பென்டிரைவ் போன்ற சின்னச் சின்ன ஸ்டிக்குகள் எட்டைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தான். முதுகில் அலுமினியச் செதில்கள். கணினியில் செருகினால் பிட்காயின் என்கிற இணையப் பணத்துக்கான கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்குமாம்.

"கணக்குப் போட்டா?" என்றேன்.

"ஒலகம் பூரா ஒரே கணக்கத்தான் போட்டுனு இருக்காங்கக்கா. எவன் மொதல்ல போடறானோ அவனுக்குத்தான் காசு."

"ஒலகம் பூரா குடோன் குடோனா மெஷின் வெச்சிருப்பான். அந்த எவன்ல நீயும் ஒருத்தனா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எந்த வாசலிலும் தன்னைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று இருந்தவனுக்கு, வயது கேட்காத ஒரு வரிசை கிடைத்திருந்தது.

அந்த ஸ்டிக்குகளுக்குத் தீனி போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. கணினியின் யுஎஸ்பி வாய் ஒன்று தரும் மின்சாரம் அவற்றில் ஒன்றுக்கே காணாது. அதனால் தனி அடாப்டரோடு வரும் ஹப் வேண்டும், ஒரு வாயைப் பல வாயாகப் பிரிக்கிற பெட்டி. முதலில் வாங்கியது பத்து வாய் கொண்டது, விலை மலிவு. நான்கு ஸ்டிக்குகளைச் செருகியதும் ஒவ்வொன்றாகக் கண் மூடின. அதன் அடாப்டரைக் கையில் தூக்கிப் பார்த்து, "காத்துக்கா இது, காத்து" என்றான். அன்றிலிருந்து அவன் எந்த ஹப்பைப் பற்றிப் பேசினாலும் ஒரே வாக்கியம்தான்: "எத்தன வாய் இருக்குன்னு பாக்கக் கூடாதுக்கா, அத்தன வாய்க்கும் சோறு போடுமான்னு பாக்கணும்." ஒரு ஸ்டிக் எத்தனை ஆம்பியர் இழுக்கும், எட்டும் சேர்ந்து எவ்வளவு, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும் என்பான். இரண்டாவதாக வந்ததில் வேறு குறை. அது மின்சாரத்தைக் கணினிக்கே திருப்பி அனுப்பியது. மகளின் பழைய லேப்டாப்பை அணைத்தாலும் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கும். லீவுக்கு வந்த மகள், "மாமா, என் லேப்டாப்புக்குப் பேய் புடிச்சிருக்கு, வேப்பிலை அடிக்கணும்" என்றாள். அன்றே அதைக் கழற்றி வைத்தான்.

மூன்றாவது ஹப்பைத் தேர்ந்தெடுக்க அவன் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கலாம். இரும்புப் பெட்டி, ஒவ்வொரு வாய்க்கும் தனிப் பாதுகாப்பு, செங்கல் போல கனமான அடாப்டர். வந்ததும் அதற்கு எதிரே சின்ன மின்விசிறி ஒன்றை வைத்தான். ஸ்டிக்குகளை ஒன்று விட்டு ஒன்றாகச் செருகி இடையில் காற்றுக்கு வழி விட்டான். பிறகு காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "சூடு இல்ல" என்று அவன் சொன்னபோது முகத்தில் வந்த நிம்மதியை வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். இன்று அவனைத் திட்ட நினைக்கிறபோதெல்லாம் அந்தப் புறங்கைதான் கண் முன்னால் வருகிறது. கவனமில்லாத ஆள் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பும்போது வீட்டில் உள்ள சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். பூட்டிய பிறகும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். அப்படி இரண்டு மூன்று தடவை அவனுடைய ஸ்டிக்குகளும் நின்றுபோயின. நின்ற நேரத்தில்தான் நமக்கு விழ வேண்டியது விழுந்திருந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாள் பார்த்தால் அந்தச் சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கியது. வேலையை விட்டு வரும்போது திருப்பித் தராமல் வைத்திருந்திருக்கிறான்.

"டேய், ஆஃப் பண்ணி மாட்ட வேண்டியதக் கொண்டாந்து ஆன்ல மாட்டியிருக்க."

"இது வேற மாதிரி மெஷின்க்கா. நின்னாத்தான் டேஞ்சர்."

லீவில் இருந்த மகளும் சேர்ந்து மூவரும் சிரித்தோம். அதன் பிறகு நான் அந்தச் சுவிட்சைத் தொடவில்லை. அறையைப் பெருக்கும்போதுகூட துடைப்பத்தின் காம்பு அதில் பட்டுவிடாமல் ஒதுங்கிப் பெருக்கினேன். இருபது வருடத் தொழிற்சாலைப் பழக்கம் கையில் இருக்கிறது. அதன் மேல் தம்பியின் முகமும் இருந்தது.

மழைக் காலத்தில் ஒரு சாயங்காலம் இடி இடித்து மின்சாரம் போய் வந்ததில் அந்தக் கனமான அடாப்டர் செத்துவிட்டது. புதியதற்குச் சொல்லி வைத்தான், வர நாளாகும். மறுநாள் காலை அவனுக்கு ஜிகினியில் நேர்முகம். பரணில் கிடந்த பழைய மோடத்தின் அடாப்டரை எடுத்தான். அதே வோல்ட்தான், ஆனால் சின்னது. அதற்கேற்ப எட்டு ஸ்டிக்கில் ஆறை உருவி வைத்துவிட்டு இரண்டை மட்டும் விட்டான். முனை ஹப்பின் துளையில் கொஞ்சம் லூசாக இருந்தது. நழுவாமல் இருக்கக் கறுப்பு டேப்பைச் சுற்றி இறுக்கினான். பக்கத்தில் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "டெம்ப்ரவரிதான்க்கா, சாயங்காலம் வந்து பாக்கறன்" என்றான். தொழிற்சாலைகளில் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பாதி நாட்கள் ஓடுகின்றன. அவன் பஸ்ஸுக்கு ஓட, நான் கம்பெனி வண்டிக்குக் கிளம்பினேன். தேர்வுக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் பிளாஸ்டிக் தீய்கிற வாசனை வந்ததாம். ஹப்பில் அடாப்டர் செருகிய இடத்திலிருந்து நூல் போல புகை. அவள் முதலில் செய்தது மாமாவுக்குப் போன் போட்டது. அவனுடைய போன் ஜிகினியில் அந்தக் கம்பெனியின் செக்யூரிட்டி அறையில் ஒரு தட்டில் கிடந்தது. உள்ளே போகிறவர்கள் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு எனக்குப் போட்டாள். என் போன் என் கம்பெனி வாசலில், எனக்கென்று கொடுத்த பெட்டியில் பூட்டிக் கிடந்தது. திரும்ப மாமாவுக்கு, திரும்ப எனக்கு. அவளுக்கு ஓர் எட்டில் சுவிட்ச். அதில் மாமாவின் படம். பொறியியல் படிக்கிற பெண், அணைத்தால் நின்றுவிடும் என்று தெரியாதவள் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டது கையைப் பிடித்துவிட்டது. சுவிட்சைத் தொடக் கூடாது, ஹப்பிலிருந்து ஒயரை உருவினால் போதும் என்று நினைத்திருக்கிறாள். உருகிக்கொண்டிருந்த முனையையும் டேப்பையும் சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடித்து இழுத்தாள். அது ஹப்பை விட்டு வந்தது, கையை விட்டு வரவில்லை.

மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்த வீட்டு ஓனரம்மா அலறல் கேட்டு எட்டிப் பார்த்து, சுவிட்ச் பலகையில் அடாப்டரும் தீய்ந்து சுவர் கறுப்பதைக் கண்டு, கீழே ஓடி மீட்டர் பெட்டியில் மெயினையே அணைத்தார். அவர்தான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கு பாதி தமிழ் பாதியாகத் தீர்த்துவிட்டார். "ஏம்மா, படிச்ச குடும்பந்தானே நீங்க? ஒரு சீட்டு தொங்குதுன்னு புகையப் பாத்துனு போன் போட்டுனு நிப்பாளா ஒரு பொண்ணு? நானா இருந்தா சீட்டையும் பிச்சிருப்பன், உன் தம்பி காதையும் பிச்சிருப்பன்." கத்திவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதார். அந்தச் சட்டம் தெரியாத ஒருவர் அன்று வீட்டில் இருந்ததால்தான் அதோடு போயிற்று.

தம்பி சாயங்காலம் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். அந்தக் கம்பெனியின் விசிட்டர் அட்டை சட்டைப்பையில் அப்படியே இருந்தது, திருப்பிக் கொடுக்காமல் ஓடி வந்திருக்கிறான். உள்ளே போகாமல் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். கட்டுப் போட்ட கை தலையணை மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. "ஒரு நாளுக்குத்தான்க்கா அந்த அடாப்டர மாட்டினன்" என்றான். நான் திட்டியிருந்தால் போகாமல் இருந்திருப்பானோ என்னவோ. அவளுக்கு முதல் அறுவை நடந்த அன்று, நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டிக்குகளை எடுக்கவில்லை. அட்டையையும் எடுக்கவில்லை.

இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நான் போன் போட்டால் அடித்து ஓய்கிறது. மகளின் போனுக்கு மட்டும் அவ்வப்போது ஒரு வரி வரும்: 'கை எப்படி இருக்கு பாப்பா?' இடது கையால் தட்டுத் தடுமாறி அவள் பதில் அனுப்புவாள். 'பரவால்ல மாமா, வாங்க.' அந்தப் பக்கம் படித்ததற்கான அடையாளம் வரும், ஆள் வருவதில்லை. அந்தப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை. அடுத்ததற்கு எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். வரைபடத்தை இன்னொருவருக்கு வாயால் சொல்லி எப்படி வரைய வைப்பது என்று அவள் கேட்கிறாள். தரப் பிரிவில் ஒரு பொருள் உடைந்து வந்தால் காரணம் என்ன, இனி நடக்காமல் இருக்க என்ன வழி என்று எழுதித் தருவது என் வேலை. இதற்கு எந்த இடத்தில் கோடு போட்டு நிறுத்துவது? இடியிலா, டேப்பிலா, ஜிகினி வாசலிலா, அவனை வேண்டாமென்ற கம்பெனியிலா? எங்கே தொடங்கினாலும் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது.

போன மாதம் கரி படிந்த சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தார். எலக்ட்ரீஷியன் பலகையை ஏற்கெனவே மாற்றியிருந்தார். அட்டையைப் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டச் சொன்னவள் மகள்தான். பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, "இதக் கழட்டிரட்டுங்களா, சொவுரு முழுசா அடிக்கணும்" என்று என்னைக் கேட்டார். கழற்றிக் குப்பையில் போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கட்டிலிலிருந்து மகள் குரல் வந்தது.

"வேணாம்ணா. மாட்டுனவங்கதான் வந்து கழட்டணும்."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அட்டையை லேசாகத் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் பிரஷை விட்டு அடித்து முடித்தார்.

இன்று காலையும் கிளம்பும்போது மகளின் மின்விசிறியைத் தவிர வீட்டுச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் இந்தச் சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். இது அணைந்துதான் இருக்கிறது, அன்றைக்குப் பிறகு யாரும் போடவில்லை. அணைந்த சுவிட்சின் மேல், எங்கே தொங்க வேண்டுமோ அங்கே, அட்டை இப்போதுதான் தொங்குகிறது. என் பின்னால் மகள் பந்தை எடுத்துக்கொண்டாள். கழுத்துவரை பித்தான் போட்ட தம்பி நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் மடங்குகிறதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினேன். மறுபடி திறந்து பார்த்தேன்.