முன்பக்கம் எங்கள் வீட்டில்

தண்ணீர் தெளித்த புதுத் துணியின் மேல் இஸ்திரிப் பெட்டி ஏறும்போது எழுகிற சூடான வாடைதான் மரக்காணத்தில் எங்கள் வீட்டு வாடை. மழைக்காலம் நெருங்கி உப்பளத்து வேலை ஓய்கிற நாட்களில், தீபாவளிக்குத் தைக்கிற பேண்ட்டுகள் கூடத்தில் இடுப்பளவு குவிந்துவிடும். அவற்றைத் தாண்டித்தான் நாங்கள் சோற்றுக்கே போக வேண்டும். முழுப் பருத்தி எங்கள் ஊர் உப்புக் காற்றில் காயவே காயாது, முழு பாலியஸ்டரோ வியர்வையில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, இரண்டும் கலந்த "டெரிகாட்டன்" மட்டுமே அப்பா வாங்குவார். அரைக்கால் டிராயரோடு பாத்தியில் நின்று வெயிலில் வெந்த ஆட்கள், கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் போட்டுக்கொண்டு போனது எங்கள் வீட்டுப் பேண்ட்டைத்தான்.

எங்கள் வீட்டுப் பேண்ட் என்றால் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தைத்தது. துணியை வெட்டியதும் முன்பக்கத் துண்டுகள் அப்பாவிடமும், பின்பக்கத் துண்டுகள் சித்தப்பாவிடமும் போய்விடும். முன்னால் இடுப்புக்குக் கீழே "பிளீட்" என்கிற மடிப்புப் பிடிப்பதும் ஜிப் வைப்பதும் அப்பா. பின்னால் பாக்கெட் வைப்பது சித்தப்பா. சாயங்காலம் இரண்டையும் சேர்த்துத் தைப்பார்கள். ஒருவர் வேலையில் மற்றவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை, அதுவே பின்னால் வினையாகிப் போனது.

அந்த வருடம் சண்டை வந்தது பிளீட்டால். இளவட்டங்கள் யாரும் இப்போது பிளீட் கேட்பதில்லை, எடுத்துவிடலாம் என்றார் சித்தப்பா. பிளீட் இல்லாதது பேண்ட்டே இல்லை என்றார் அப்பா. இதற்கெல்லாமா சண்டை என்று நீங்கள் கேட்கலாம்; நானும் அதைத்தான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேண்ட் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே வார்த்தை தடித்து, "உனக்கு என்னடா தெரியும்" என்று அப்பா சொல்லிவிட, சித்தப்பா தன் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு சித்தியோடும் பிள்ளைகளோடும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார். போகிற கோபத்தில் தன் பக்கம் இருந்த மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனார். தீபாவளிக்கான பின்பக்கங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. முன்பக்கங்கள் எங்கள் கூடத்தில்.

மூட்டையைத் திருப்பி அனுப்பு என்று அப்பா கேட்கவில்லை. முன்பக்கத்தைக் கொடு என்று சித்தப்பாவும் கேட்கவில்லை. அப்படி ஒரு வீம்பு. முதலில் வெட்டிய "பிஸ்கட் கலர்" துணி கடையிலும் தீர்ந்துவிட்டிருந்தது. அப்பா பாண்டிச்சேரிக்குப் போய் "ஆஷ் கலர்" வாங்கிவந்து புதிதாகப் பின்பக்கம் வெட்டினார். சித்தப்பாவும் அதே கடைக்குப் போய், அதே துணியை வாங்கிவந்து முன்பக்கம் வெட்டியிருக்கிறார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் முன்னால் ஒரு நிறமும் பின்னால் ஒரு நிறமுமாக நடந்தார்கள். வரும்போது பிஸ்கட் என்றால் அண்ணன் கடை, போகும்போது பிஸ்கட் என்றால் தம்பி கடை என்று டீக்கடையில் அடையாளம் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போகவே வெட்கமாக இருந்தது.

உப்பளத்தில் வேலை பார்த்த முனுசாமி என்பவர், யாருடைய மனமும் கோணக் கூடாது என்று இரண்டு கடையிலும் ஒவ்வொன்று வாங்கியிருந்தார். தீபாவளி கழிந்ததும் இரண்டையும் அப்பா முன்னால் கொண்டுவந்து வைத்தார். "ரெண்டையும் பிரிச்சு மாத்தித் தச்சுக் குடுங்கண்ணே. ஒண்ணு முழு பிஸ்கட்டு, ஒண்ணு முழு ஆஷு ஆயிடும். இப்படியே போட்டுக்குனு எங்கயும் போக முடியல" என்றார்.

அப்பா பிரித்தார். தன் முன்பக்கத்தையும் தம்பியின் பின்பக்கத்தையும் சேர்த்து வைத்தபோது, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரு நூல்கூட விலகவில்லை. எப்படி விலகும், ஒரே மேசையில் வெட்டியதுதானே. தைத்து முடித்த பிறகும் வெகுநேரம் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, என்னை சைக்கிள் கேரியரில் ஏற்றினார். சித்தப்பாவைக் கூட்டிவரப் போகிறோம் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சித்தப்பா கடை வாசலில் ஓர் ஆள் ஏணியில் நின்று போர்டு எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் கடை போர்டில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும்; இங்கே சித்தப்பா பெயர் மட்டும். அப்பா எதிர்ச்சாரியில் ஒரு காலை ஊன்றி நின்று அதைப் படித்தார். கேரியரில் இருந்த எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. சைக்கிளைத் திருப்பினார். அதன் பிறகு அவர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. சித்தப்பா பிள்ளைகளோடு பேசக் கூடாது என்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று இரண்டு கடையும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக் கண்ணாடிக் கடைகளில் ஜீன்ஸ் தொங்குகிறது. பிளீட் என்றால் என்னவென்று விற்கிற பையன்களுக்கே தெரியவில்லை. போன மாசியில் அப்பா இறந்துபோனார். சித்தப்பா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தவர், எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த போர்ட வேணும்னேதான் பாப்பா எழுதச் சொன்னேன். அதப் பாத்துட்டு அண்ணன் வந்து நாலு வார்த்த திட்டுவாரு, அப்படியே அவர்கூட வீட்டுக்கு வந்துடலாம்னு இருந்தேன். அவரு வரவே இல்ல."

வந்தார் என்று சொன்னேன். எதிர்ச்சாரியில் நாங்கள் நின்றதையும், அப்பா படித்துவிட்டுத் திரும்பியதையும் சொன்னேன்.

"திட்டியிருக்கலாமே பாப்பா" என்றார்.