மஞ்சளுக்கு மேல் நீலம்: காஞ்சிபுரத்தில் மூன்று நாள்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கவோ கோயில் பார்க்கவோதான் எல்லோரும் போவார்கள். நான் போன புதன்கிழமை அங்கே போனது, நான் செய்த ஒரு தவற்றைச் சரிசெய்ய.

என் சித்தப்பா மகன் ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அவன் மகள் நந்தினிக்கு வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். சென்னையில் வேலை பார்க்கும் நந்தினி ஒரு மாதத்துக்கு முன் தலைமுடியில் பத்துப் பன்னிரண்டு கற்றைகளை வெளுத்து மஞ்சளாக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். அன்றிலிருந்து ஏகாம்பரம் அவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து, "அத்த, கறுப்பாக்கணும். கெமிக்கல் வேணாம். நீங்க என்ன போடுறீங்க?" என்று கேட்டாள்.

அவுரிப் பொடி என்றேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தலையில் பூசி இரண்டு மணி நேரம் ஊறவிடச் சொன்னேன். முதல் நாளே மருதாணி போட்டுத் தலையைச் சிவப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. பல்துலக்குவதுபோல் எனக்கு அது பழகிப்போனதால் சொல்லத் தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். செய்முறையில் முதல் வரியை விட்டு எழுதிய எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அவுரி நீலம். நீலத்தை மஞ்சளுக்கு மேல் போட்டால் என்ன ஆகும் என்பது வண்ணப்பெட்டி வைத்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். செவ்வாய் காலை நந்தினி அனுப்பிய படத்தில் கற்றைகள் குளத்துப் பாசி நிறத்தில் இருந்தன.

புதன் காலை 6.10க்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். சாதாரணப் பேருந்து, 75 ரூபாய், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். ஓச்சேரியில் பத்து நிமிடம் நின்றதால் காஞ்சிபுரம் சேர 8.25 ஆனது. இடப்பக்கம் உட்காராதீர்கள், வாலாஜா தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்கிறது. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"பட்டு எடுக்கவாமா? நல்ல கடையா இட்டுக்கினு போறேன்" என்றார் ஓட்டுநர்.

"இல்லப்பா, தலைமுடி விஷயமா வந்திருக்கேன்."

"மொட்டையா? அப்ப நீ திருத்தணி பஸ்ஸுல்ல ஏறியிருக்கணும்!"

நந்தினி துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்கத்தான் செய்தாள். "முகூர்த்தப் புடவை அரக்கு, பச்ச பார்டர். எல்லாரும் ஜாக்கெட்டத்தான் மேட்ச் பண்ணுவாங்க, நான் தலையையே பண்ணிட்டேன் அத்த." பிறகு குரல் இறங்கியது. "ஊருக்கெல்லாம் கலர் போடுறாரு, எனக்கு மட்டும் கறுப்புதான் இருக்கணுமாம். வெள்ளிக்கிழமை கைய புடிச்சிக் குடுக்கும்போதாவது என்ன பாப்பாரா?"

பத்து மணிக்கு அவளை அழைத்துக்கொண்டு புவனா என்பவரின் அழகு நிலையத்துக்குப் போனேன். தெருவைப் பார்த்த ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, கண்ணாடியைச் சுற்றி வெள்ளை விளக்குகள். புவனாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு வருடமாக இதே தொழில். முடியைத் தொடும் முன்பு இருபது நிமிடம் கேள்வியே கேட்டார். எந்தக் கடையில் வெளுத்தது, எத்தனை தடவை, அதற்கு முன் என்ன போட்டது, முடியை நேராக்கும் இயந்திரம் வைத்ததுண்டா?

"முடிக்கு ஞாபகம் ஜாஸ்தி மேடம். மாசத்துக்கு அரை இஞ்சுதான் வளரும். ரெண்டு வருஷம் முன்னாடி போட்டதும் நுனியில அப்படியே உக்காந்துக்கினு இருக்குது. மறைச்சா எனக்குத்தான் ஆப்பு" என்றார்.

மறுபடியும் வெளுத்துவிட்டால் பச்சை போய்விடாதா என்று கேட்டேன். "அவுரி மேல ப்ளீச் வெச்சா பச்ச இன்னும் கெட்டியாயிடும். முடி கையோட வந்துடும். கல்யாணத்துக்கு அப்புறம் நான் சவுரிதான் விக்கணும்." அன்றைக்கு அவர் செய்தது இரண்டே வேலை. புதிய அவுரி கொஞ்சமாவது இளகட்டும் என்று நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். கெமிக்கல் வேண்டாம் என்ற பேச்சை நந்தினியே விட்டுவிட்டதால், போடப்போகும் கலரில் ஒரு பொட்டு காதுக்குப் பின்னால் வைத்து, நாளைக்குள் அரிக்கிறதா பார்க்கச் சொன்னார். முன்பே கலர் போட்டவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டுமாம்.

மாலை எனக்கு வேலை இல்லை. திருப்பருத்திக்குன்றத்துக்குப் போய்வர ஆட்டோவுக்கு 200 ரூபாய் ஆனது. நாலரைக்குப் போனதால் சமணக் கோயில் மண்டபத்துக் கூரை ஓவியங்களை அமைதியாகப் பார்க்க முடிந்தது. கழுத்து வலிக்கும், தூண் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எனக்கு ஓவியத்தில் இருந்த முடிகூட பச்சையாகத்தான் தெரிந்தது. குற்ற உணர்ச்சி அப்படி.

வியாழன் காலை 9.30. நந்தினிக்கு அரிப்பு இல்லை. புவனா வால் சீப்பால் முடியை நான்காக வகுத்து கிளிப் போட்டு, ஒரே ஒரு கற்றையை மட்டும் வெள்ளித்தாளில் வைத்துத் தூரிகையால் கறுப்புக்கு நெருங்கிய பழுப்புக் கலர் தடவினார். முழுத் தலைக்கும் போடும் முன் ஒரு கற்றையில் பார்ப்பது அவர் வழக்கம். அரை மணி நேரம் கழித்துக் கழுவினால் அழகான பழுப்பு. மூவரும் கைதட்டாத குறை. போனில் சரியாகப் பேச்சுக் கேட்கவில்லை என்று நந்தினி வாசலுக்குப் போனாள். வெயில் பட்டதும் அதே கற்றை மறுபடியும் பச்சை அடித்தது.

புவனாவின் முகம் வாடிவிட்டது. "என் லைட்டு என்ன ஏமாத்திடுச்சு மேடம். செவப்பு கூட்டணும், ஆனா எவ்ளோன்னு... கூடிட்டா நாளைக்கு மண்டபத்துல தலை செங்கல்லாட்டம் நிக்கும்."

இந்த ஊரில் பச்சையையும் சிவப்பையும் எடைபோடத் தெரிந்தவன் ஐந்து தெரு தள்ளி இருந்தான். நான் போன் செய்தேன்.

"நான் சாயத்துல இருக்கறேன்கா" என்றான் ஏகாம்பரம்.

"நாங்களும் சாயத்துலதான் இருக்கோம். வா."

பத்து நிமிடத்தில் வண்டியில் வந்து நின்றான். மணிக்கட்டு வரை அடர் ரோஸ் சாயம், ராணி நிறம். வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டான். "லேடீஸ் கடைக்குள்ள நான் எங்க வர்றது?"

"நீங்க வர வேணாம்ணா. தலை வெளிய வருது" என்றார் புவனா.

நந்தினி துண்டோடு படியில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, கற்றையை மட்டும் எடுத்தான். இரண்டு விரலில் பிரித்து, வெயில் பக்கம் திருப்பினான்.

"இதுக்கு என்ன குடுத்த?"

"பிரவுன்ணா. பத்து பங்குக்கு ஒரு பங்கு செவப்பு."

"ரெண்டையும் ஒண்ணாவா? அதான். பச்ச கீழ நின்னுக்கினு இருக்குது. மொதல்ல செவப்ப தனியா குடு. அது பச்சைய அடக்கட்டும். அப்பால பிரவுன். உள்ள லைட்டுல பாக்காத, இங்க இட்டாந்து காட்டு." கொஞ்சம் யோசித்தான். "தண்ணி எவ்ளோ சூடு வெப்ப?"

"தலைண்ணா இது!"

"அதுவும் சரி. பட்டுன்னா கொதிக்க வெப்பேன்" என்றான். அப்பாவின் குரலைக் கேட்டு நந்தினி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அவன் பட்டறைக்குத் திரும்பவில்லை. வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் ஐந்து முறை அவளை வெளியே வரச் சொன்னான். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்னப்பா, பொண்ணையே சாயத்துல தோச்சிட்டியா?" என்று ஒருவர் கேட்டார். முதல் இரண்டு முறை கற்றையை மட்டும் பார்த்தான். மூன்றாவது முறை வெளிச்சம் சரியாக விழவில்லை என்று அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பினான். அதற்குப் பிறகு முடியைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

புவனா கடைசியாகக் கழுவி, ஊதும் இயந்திரத்தை வேரிலிருந்து நுனிப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து உலர்த்தினார். மேல்நோக்கி ஊதினால் முடி சிலிர்த்துக்கொள்ளும் என்றார். நேராக்கும் இயந்திரத்தைத் தொடவே இல்லை. "புதுக் கலர் மேல சூடு வெச்சா மங்கிடும். நாளைக்கி எப்படியும் ஜடைதான்." வெயிலில் முடி காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

"ஆச்சு" என்றான் ஏகாம்பரம். உடனே அவளிடம், "அந்த மஞ்ச போட்டோ இருக்குதா?" என்று கேட்டான்.

நந்தினி தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். வெயிலில் திரை தெரியவில்லை. ராணி நிறக் கையைக் குவித்து நிழல் கட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு கற்றையாகப் பார்த்தான்.

"சீரா ஏறியிருக்குது" என்றான். "வேரு முதல் நுனி வரைக்கும் ஒரே மாதிரி. செஞ்சவன் வேலை தெரிஞ்சவன்தான்."

நந்தினி துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். புவனா இரண்டு நாளுக்கும் சேர்த்து 2,200 ரூபாய் வாங்கினார். கல்யாணத்துக்குக் கலர் போடுவதாக இருந்தால் பத்து நாள் முன்பே போடுங்கள், தவறினால் திருத்த நேரம் இருக்கும். வெளுத்த முடியில் அவுரியைத் தனியாகப் போடாதீர்கள். இயற்கைப் பொடிதானே என்று அழகு நிலையத்தில் மறைக்காதீர்கள். கலர் போட்டதும் காசு கொடுக்கும் முன் வாசலுக்கு வந்து கைக்கண்ணாடியில் பாருங்கள். பட்டுப் புடவைக்கும் இதையே சொல்வேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். முகூர்த்த நாட்களில் காலை ஏழுக்கு மேல் ஆட்டோ கிடைப்பது கடினம், முதல் நாளே சொல்லிவையுங்கள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. பதினொன்றரைக்கு நந்தினி மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏறினாள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கார் ஜன்னலில் குனிந்தான். ஏதோ புத்தி சொல்லப்போகிறான் என்று நினைத்து நானும் பக்கத்தில் போனேன்.

"மறுபடி போடறதா இருந்தா எங்கிட்ட காட்டிட்டு போடுமா" என்றான். "மஞ்சள்லயே நாலு ரகம் இருக்குது."