காற்றாட விட்ட பிஸ்மத்

அஞ்சனாவுக்கு நான் மூவாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். அதற்கு முன் யாரிடமும் கடன்படாதவன் இந்தப் பிச்சைமணி. மட்டாஞ்சேரிக்குச் சுக்கு மூட்டை சுமக்க வந்து, மூன்றாம் வகுப்புப் படிப்போடு கொச்சங்காடியில் கிடங்கு போட்டேன். இன்று ஆறு கல்லூரிகளுக்கு ரசாயனம் என் சரக்குதான்.

அஞ்சனா எங்கள் தெரு விசாலாக்ஷியின் மகள். அம்மா மாவரைத்து விற்ற காசில் படித்தவள். ஐந்து வருடமாக பிஸ்மத் குளோரைடை வேறொரு பொருளோடு சேர்த்துப் படிகமாக்குகிறாள். பகலில் பார்த்தால் உப்புக்கல். புறஊதா விளக்கில் ஆரஞ்சுத் தணல். அந்த ஒளியை அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஜூலையில் என்னிடம் புது பாட்டில் வாங்கினாள், தணல் அணைந்தது.

"அண்ணாச்சி, கரையவே மாட்டேங்கறது. பால் மாதிரியாக்கும் கலங்கறது. திங்கக்கிழமை பத்து மணிக்கு வெளியூர் புரொபசர் பாக்க வரார். ஒளிரலேன்னா, முன்னே காட்டினதே பொய்யின்னு சொல்லிடுவா."

"பிச்சைமணி சரக்குல பழுதா? உன் கைப்பக்குவத்தப் பாரு" என்றேன். பழுது எங்கே என்று எனக்குத் தெரியும்.

அந்த பாட்டிலில் இருந்த சரக்கு எனக்கு வரும்போதே கட்டிதட்டியிருந்தது. சுக்கு நமுத்தால் விரித்துக் காற்றாட விடுவோம். அதையே செய்தேன்; அடைமழையில், தட்டில் கொட்டி, மின்விசிறிக்குக் கீழே அரை நாள். மூக்கை எரிக்கும் நெடி வந்தது. மறுபடி அடைத்து விற்றுவிட்டேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஆறு கல்லூரியும் போகும். சொல்லாவிட்டால் அவளுடைய ஐந்து வருடம் போகும். ஞாயிறு காலை படகேறி, எறணாகுளத்தில் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சொன்னேன்.

"காத்தாட விட்டேளா? இது என்ன வெயில்ல காயவைக்கற கொண்டாட்டம் மொளகாயா? ஈரம் குடிச்சா இது வேற பொருளாயிடும் அண்ணாச்சி!" கத்தியவள் சட்டென்று நின்றாள். "அப்போ ஆசிட் விட்டா பழையபடி கரையணுமே."

கலங்கிய கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பால் நிறம் போய்த் தெளிந்தது. அதில் மற்றப் பொருளைச் சேர்த்துக் குளிர வைத்தாள்.

திங்கள் காலை ஒன்பதுக்கு நான் மறுபடி போனபோது படிகம் விழுந்திருந்தது. சன்னலைச் சாத்தினாள். விளக்கின் விசை சொடுக்கியது. எனக்கு ஒரே இருட்டு. போச்சு, எல்லாம் போச்சு.

"அண்ணாச்சி, கண்ணைத் திறங்கோ."

திறந்தேன். ஆரஞ்சுத் தணல்.

"கெட்ட சரக்குக்கு நீ குடுத்த காசு இருக்கு. கையை நீட்டு."

"இப்போ எதுக்கு? அவர் வந்துடுவார்."

"வரட்டும். அவர் முன்னாலயும் சொல்லுவேன், தப்பு என்னுதுன்னு. நீட்டு."

அமிலக் கறை படிந்த கையை விரித்தாள். ஐந்நூறாக ஏழு, மேலே ஒரு நூறு. சத்தமாக எண்ணி வைத்தேன்.