ஐந்து தொன் குளிர்

என் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இருக்கும் பைலில், யாருமே கையெழுத்துப் போடாத தாள் ஒன்றும் இருக்கிறது. நானே தட்டச்சில் அடித்தது. மேல் பாதி ஆங்கிலம், கீழ்ப் பாதி தமிழ். அடியில் ‘இயந்திரத்தைப் பொறுப்பேற்பவர்’ என்று ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு நீல மை காய்ந்து கிடக்கிறது. பேனாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, யோசித்து எடுத்ததன் அடையாளம் அது. இரண்டு தடவை இடம்பெயர்ந்தோம். தையல் மெஷினை விட்டுவிட்டுப் போனேன், இந்தத் தாளை விடவில்லை. விசர் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சண்டைக் காலத்தில் வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் இருந்த எங்கள் மீனவர் சங்கத்தில் நான் தட்டச்சாளர். வயது இருபத்திரண்டு. வீட்டில் உழைப்பவள் நான் ஒருத்திதான். படகுகள் விடிந்த பிறகுதான் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். பிடித்த மீனை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் லொறி ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் வெயிலில் நிற்கும். சில இடங்களில் பெட்டி பெட்டியாக இறக்கி மறுபடியும் ஏற்றச் சொல்வார்கள். அவ்வளவு நேரமும் அந்த மீனைக் காப்பாற்றுவது ஐஸ் ஒன்றுதான். ஐஸ் போதாமல் போன நாட்களில் லொறி பாதி வழியிலேயே நாறியது. அடுத்த நாள் இங்கே பல வீடுகளில் உலை வைக்கவில்லை.

அப்படி இருக்கையில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஐஸ் இயந்திரம் வாங்கித்தர முன்வந்தது. கொழும்புக் கம்பனி ஒன்றின் ஆள் சங்கக் கூட்டத்துக்கு வந்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, “ஒரு நாளைக்கு அஞ்சு தொன்” என்றார். அவர் தந்த ஒப்பந்தத்தில் 5 TR என்று இருந்தது. T என்றால் தொன் என்று எனக்குத் தெரியும். அந்த R என்னவென்று தெரியாது. தெரியாததைக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிற வயது. ஆள்தான் விரலை விரித்துச் சொல்லிவிட்டாரே என்று, ‘நாளொன்றுக்கு ஐந்து தொன் ஐஸ் செய்யும் இயந்திரம்’ என்று தமிழில் அடித்துவிட்டேன். கம்பனிக்காரர் இரண்டு மொழிக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். சங்கத் தலைவர் அந்தத் தமிழை வாசித்து, ஐம்பது கிலோக் கட்டி நூறு என்று கணக்குப் பார்த்து, படகுக்காரர் எல்லோருக்கும் பங்கு சொல்லிவிட்டார்.

ஐஸ் அறை ஃபோர்மன் அண்ணனின் பொறுப்பில் இருந்தது. முப்பது வயதைத் தாண்டாத மனிதர். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பழைய ஐஸ் ஆலை ஒன்றில் கை கறுத்து வேலை பழகியவர். ஸ்குரூட்ரைவரின் முனையைக் கொம்பிரசரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். சொன்னது பிழையாகப் போனதை நான் பார்க்கவில்லை.

இயந்திரத்தைப் பொருத்தி முடித்த அன்று, அதன் பித்தளைத் தகட்டை விரலால் தடவி வாசித்துவிட்டு, “இதுல ஒரு நாளைக்கு எத்தின கட்டி வரும்?” என்று கேட்டார்.

“நூறு” என்றார் கம்பனிக்காரர். “தம்பி, ரோட்டு மூடப்போறாங்க. சைன் பண்ணிட்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க.”

தலைவரும் விடவில்லை. “போட்டு விடு தம்பி. வீட்டுக்கு வந்த லெச்சுமியத் திருப்பி அனுப்பாத.”

ஒப்பந்தத்தில் இருந்ததையே இரண்டு மொழியிலும் அடித்து நான் நீட்டிய பொறுப்பேற்புத் தாளில் ஃபோர்மன் அண்ணன் பேனாவை வைத்தார். நிமிர்ந்து இயந்திரத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “நூறு ஐஸ் தகரத்திலயும் தண்ணி விடுறன். நாளைக்கு இதே நேரம் பாத்துட்டு மறுகா போடுறன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் கம்பனிக்காரர் சங்கக் கட்டிலில் தங்கினார்.

மறுநாள் அதே நேரத்துக்குப் படகுக்காரரும் வந்து கூடிவிட்டார்கள். முதல் தகரத்தைத் தூக்கித் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்ததும் வெள்ளைக் கட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. “பாத்தீங்களா!” என்று கம்பனிக்காரர் கையைத் தட்டினார். ஃபோர்மன் அண்ணன் ஐஸ் குத்தும் ஊசியை எடுத்துக் கட்டியின் நடுவில் ஒரு குத்துக் குத்தினார். உள்ளே இருந்த தண்ணீர் பீறிக்கொண்டு வந்து கம்பனிக்காரரின் சப்பாத்தை நனைத்தது. இரண்டாவது கட்டியும் அப்படி, பத்தாவதும் அப்படி. நூறும் வெளியே ஐஸ், உள்ளே தண்ணீர்.

“தகட்டுல கிடக்கிற TR ஐஸின்ட தொன் இல்ல, குளிரின்ட தொன்; R எண்டா ரெஃப்ரிஜரேசன்” என்றார் ஃபோர்மன் அண்ணன் எங்களைப் பார்த்து. “உறையிற அளவுக்குக் குளிர்ந்து நிக்கிற தண்ணிக்குத்தான் அந்த அஞ்சு சரி. எங்கட கிணத்துத் தண்ணி அப்பிடியா கிடக்கு? அதின்ட சூட்ட எடுக்கவும் இந்தக் கொட்டில் வெக்கைக்குமே பாதிக் குளிர் போயிரும். மிச்சத்துல இரண்டரைத் தொன் ஐஸ்தான் வரும்.”

கம்பனிக்காரர் நல்ல கெட்டிக்காரர். உடனே ஒப்பந்தத்தை விரித்தார். “இங்கிலீஷ்ல பாருங்க. 5 TR கேட்டீங்க, 5 TR வந்திருக்கு. தமிழ்ல பிழையா எழுதினது உங்க டைப்பிஸ்ட்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபோர்மன் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒப்பந்தத்தின் தமிழ்ப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“இந்தக் கையெழுத்து ஆருட?”

“என்னோடது” என்றார் கம்பனிக்காரர்.

“அப்ப இதுல எழுதிக் கிடக்கிற அஞ்சு தொன் ஐஸையும் தாங்க. நான் போடுறன்.”

அவ்வளவுதான். பொறுப்பேற்புத் தாளில் தன் கையெழுத்து இல்லாமல் உதவி நிறுவனம் காசைக் கொடுத்துக் கம்பனியின் பைலை மூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அடுத்த இரண்டு மாதமும் அவருக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. கட்டி ஐம்பதுக்குமேல் வராததால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் படகுக்கு ஐஸ். வந்ததையும் கெடுத்தான் என்று துறைமுகத்தில் முகத்துக்கு நேரே ஏசினார்கள். கேட்டுக்கொண்டே கொம்பிரசருக்கு எண்ணெய் விட்டார். கடைசியில் உதவி நிறுவனத்து அதிகாரி வந்து இரண்டு மொழியையும் வாசித்து, குத்திய கட்டியையும் பார்த்துவிட்டுப் போனார். அதே அளவில் இன்னொரு இயந்திரத்தைக் கம்பனி அனுப்பிவைத்தது. இரண்டும் ஓடிய முதல் காலையில் ஃபோர்மன் அண்ணன் குத்திய ஊசி பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் வரவில்லை. ஏசியவர்களே அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அன்றுதான் அந்த மனிதர் சிரித்ததைப் பார்த்தேன்.

புதிய தாளை நான் அடித்தேன். ‘நாளொன்றுக்கு ஐம்பது கிலோ நிறையுள்ள நூறு கட்டி, உள்ளும் புறமும் உறைந்த ஐஸ்’ என்று எழுத்தால். அதில் அவர் கையெழுத்துப் போட்டார். பழையதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு களுவாஞ்சிக்குடிப் பக்கம் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராகி, ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். கூரை ஓட்டுக் கம்பனியின் விலைப்பட்டியலில் M என்றால் ஆயிரம். திட்ட அறிக்கையில் அதே M பத்து இலட்சம். குழாய்க் கணக்கில் மீற்றர். எழுதியவரைத் தொலைபேசியில் பிடித்து, “முழுசாச் சொல்லுங்க” என்று கேட்காமல் ஒன்றையும் நான் தமிழாக்கியதில்லை. கந்தோரில் எனக்கு வைத்த பட்டம் ‘முழுசா அக்கா’. வைத்துவிட்டுப் போகட்டும். என் மேசையைத் தாண்டிப்போன எந்தத் தாளாலும் எந்தக் கட்டிக்குள்ளும் தண்ணீர் நிற்கவில்லை.

போன மாதம் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு ஃபோர்மன் அண்ணனைப் பார்க்கப் போனேன். கொம்பிரசர் சத்தத்தில் அவருக்குக் காது போய்விட்டது. இத்தனை வருசமாக மனதில் கிடந்ததைக் கத்திக் கேட்டேன். “அண்ணன், R என்னெண்டு கேக்காம எழுதினது என்ட பிழைதானே? ஏன் என்னை விட்டுக் குடுக்கல்ல?”

“அவன் வாயால சொன்னத நீ எழுதின” என்றார். “நீ எழுதினதத்தான் நான் கேட்டன். இதுல பிழை எங்ககா கிடக்கு?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கத் தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே மெதுவாக வாசித்தார். 5 TR-ஐ வாசித்தார், ஐந்து தொன்னை வாசித்தார். மைச் சொட்டில் வந்து விரல் நின்றது. பிறகு அதே சிரிக்காத முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன், இதுல இன்னும் கையெழுத்துப் போடோணுமோ?”

“வேண்டாம் அண்ணன், அப்பிடியே கிடக்கட்டும்” என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்திச் சொன்னேன்.