வழித்ததும் அழித்ததும்

எங்கள் பள்ளியின் ஒரே கம்ப்யூட்டருக்குப் பாட்டுக் கேசட்தான் நோட்டுப் புத்தகம். எழுதிய புரோகிராமை அதில்தான் பதிந்து வைக்க வேண்டும்.

பொதட்டூர்பேட்டைக் குமரேசன் ஒரு மாதமாய் எழுதிய சேலை பார்டர் வரையும் புரோகிராம் நேற்றுதான் தவறில்லாமல் ஓடியது. ஓடினால் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டியிருந்தானாம். காலையிலேயே மொட்டை போட முருகன் கோயில் மலை ஏறிவிட்டான்.

அந்த நேரத்தில் அவன் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். புரோகிராம் பதிந்த சத்தம், வெறும் கீச்சு கீச்சு. அதன் மேலேயே என் குரலைப் பதிந்து வைத்தேன்.

பதினொரு மணிக்குத் தலையில் சந்தனத்தோடு வந்தவன் கேசட்டை ஓடவிட்டான்.

"மொட்டை பாஸு, புரோகிராம் ஃபெயிலு!" என்றது கேசட்.

வகுப்பே சிரித்தது.

"இன்னாடா பண்ண? வேற காப்பி இல்லடா. மத்தியானம் மெட்ராஸ் எக்ஸிபிஷனுக்கு எடுத்துகினு போவணும்டா!"

"மலையில அவுங்க வழிச்சாங்க, இங்க நான் அழிச்சேன். ரெண்டும் சுத்தம்டா" என்றேன்.

அவன் மொட்டையைத் தடவியபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மெட்ராஸ் பஸ் அவனில்லாமல் போய்விட்டது.

முடி ஆறு மாதத்தில் வளரும். புரோகிராம் எத்தனை மாதத்தில் வளரும்? தெரிந்தவர்கள் வகுப்புச் சுவரில் நான் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள். குமரேசனால் எழுத முடியாது. அவன் பேனாவும் என்னிடம்தான் இருக்கிறது.