பாறை இறக்கத்தில் அண்ணி விழுந்த காலை

கொரோனா ஊரடங்கின்போது என் கணவர் ஒரு கியர் சைக்கிள் வாங்கினார். தடித்த டயர், குழியில் இறங்கினால் அமுங்கி எழும் முன்பக்கம், மலைத் தடங்களில் ஓட்டுவதற்கென்றே செய்தது. கொஞ்ச நாள் ஆசையாக ஓட்டினார். ரயில்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் அவர் பழையபடி விடிவதற்குள் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பத் தொடங்கினார். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடும் இடமாகிவிட்டது.

நான் தபால் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்குச் சலிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் மேல் கிடந்த ஈரத் துணிகளைக் கொடிக்கு மாற்றிவிட்டு, சீட்டை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தேன்.

கே.ஜி.கண்டிகை போகும் சாலையில் எங்கள் ஊர் முடிந்த பிறகு வனத்துறையின் பூங்கா ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சில சிமெண்ட் பெஞ்சுகள், பின்னால் ஒரு குன்று. குன்றைச் சுற்றி ஒரு மண் தடம் போகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, சீத்தாப்பழப் புதர்களுக்கு நடுவே ஏறி, பாறைகளைக் கடந்து, ஏரிக்கரை வழியாக மறுபடி கேட்டுக்கே வந்து சேரும். நிதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் அந்தச் சின்னச் சுற்று எனக்குப் பிடிபடப் பல மாதம் ஆனது. ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும்; ஏற ஆரம்பித்த பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று மிரட்டும். இறக்கத்தில் சீட்டில் உட்காராமல், பெடலில் நின்று உடம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். சீமைக்கருவேல முள் எவ்வளவு தடித்த டயரையும் விடாது என்பதையும் தெரிந்துகொண்டேன். தடத்தின் நடுவில் ஒரு சாய்ந்த பாறை வரும். அங்கே மட்டும் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

என்னோடு வர ஆரம்பித்தவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுகிறேன். ஆர்.கே.பேட்டையில் இருக்கிறார், வீட்டிலேயே அவரும் கணவரும் ஓட்டும் விசைத்தறிகள். அவர் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் கியர் சைக்கிளை விட்டுப் போயிருந்தான். "சும்மா துரு புடிச்சிகினு நிக்குது, நானும் வரேன்" என்று சொல்லி, தெரிந்தவர் மினி லாரியில் அதை ஏற்றி எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார். ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். சுடிதார், கால்சட்டை விளிம்பில் செயினில் மாட்டாமல் இருக்க ஒரு துணி கிளிப், தலையில் மகனுடைய ஹெல்மெட். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியதால் காட்டிலும் கத்தித்தான் பேசுவார். புதருக்குள் இருக்கிற மயில்கள் எங்களுக்கு முன்னால் எழுந்து ஓடும்.

அண்ணிக்கு அந்தப் பாறையில் பயம் கிடையாது. நான் தள்ளிக்கொண்டு இறங்கும்போது அவர் பாறைமேல் ஓட்டி இறங்கி, கீழே ஒரு காலை ஊன்றி நின்று, "இன்னாம்மா, சைக்கிளுக்கு நடக்கச் சொல்லித் தரியா?" என்று கேட்பார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. முந்தின இரவு மழை. காலையில் வெயில் வந்திருந்தாலும் பாறை மேல் ஈரம் இருந்தது. "அண்ணி, இன்னிக்கி வேணாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் இறங்க ஆரம்பித்துவிட்டார். பாதிப் பாறையில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. பதறிப்போய் முன் பிரேக்கை அழுத்திவிட்டார். சைக்கிள் நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. ஹேண்டிலுக்கு மேலே போய், கீழே சரளை மண்ணில் இடது கையை ஊன்றி விழுந்தார்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து செம்மண்ணும் ரத்தமுமாக இருந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய வடிவில் இல்லை. அதை அவரும் பார்த்தார்.

"ஒடஞ்சிடுச்சி போலகீது" என்றார். அந்த ஒரு முறை மெதுவாகப் பேசினார்.

துப்பட்டாவைக் கழுத்தில் தூளியாகக் கட்டிக் கையை அதில் வைத்தேன். போனில் சிக்னல் இல்லை. திரும்பிப் போவதா, முன்னால் போவதா என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர்தான் சொன்னார்: "இதான் பாதி வழி. திரும்பிப் போனாலும் அதே தூரம். ஏரிப்பக்கம் போனா எறக்கம்."

சைக்கிள்களை அங்கேயே விட்டுவிடலாம் என்றேன். அதற்கு மட்டும் அவர் ஒப்பவில்லை, மகனுடையது. அடிபட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு அவர் மெல்ல நடந்தார். நான் ஒரு சைக்கிளை அடுத்த திருப்பம் வரை தள்ளிப் போய்ச் சாய்த்துவிட்டு, திரும்பி வந்து மற்றதைத் தள்ளினேன். இப்படிப் போய் வந்ததில் நான் அவரைப் பலமுறை கடந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பேச்சு.

"வூட்ல பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிடலாம்."

"எந்த வூட்டு பாத்ரூம்ல?"

"உங்க வூடுதான். எங்க வூட்டுது நேத்துதான் அவுரு தேச்சி கழுவுனாரு."

அடுத்த முறை கடந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். "வலிய விட இதாம்மா பயம்" என்றார். "அவுரு ஒண்ணும் திட்டமாட்டாரு. இனிமே போவாதன்னு ஒரே வார்த்த சொல்லுவாரு. அதுக்கப்பறம் எப்டி வர்றது?"

கேட்டுக்கு வந்ததும் சைக்கிள்களைப் பூங்காவிலேயே பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தோம். எலும்பு டாக்டர் வயதான பெண்மணி. எக்ஸ்ரே பார்த்து, இரண்டு இடத்தில் முறிவு என்றார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு அண்ணி தயங்காமல் பாத்ரூம் என்றார். டாக்டர் இடுக்கியை எடுத்துக் காயத்திலிருந்து ஒரு சரளைக் கல்லை எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு இன்னொன்று.

"உங்க பாத்ரூமுக்கு இன்னும் தரை போடலியா?" என்றார்.

வலியிலும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மாலையில் அண்ணியின் கணவர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். குறைவாகப் பேசுகிறவர். பாத்ரூம் கதையைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பூங்காவிலிருந்து என் கணவர் எடுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிள்களில் ஒன்றின் ஹேண்டில் கோணியிருந்ததையும் பார்த்தார். என் கணவர் அன்றிரவு, "பாவாவுக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றார்; அக்கா கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அடுத்த ஞாயிறு காலை, அண்ணி வரும் முதல் பஸ்ஸில் அவருக்குப் பதில் அவர் கணவர் வந்து நின்றார். வேட்டியும் ரப்பர் செருப்பும்.

"அந்த எடத்தக் காட்டும்மா" என்றார்.

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. இருவரும் நடந்தே போனோம். ஏற்றத்தில் நின்று நின்று வந்தார். பாறைக்கு வந்ததும் எங்கே இறங்கினாள், எங்கே விழுந்தாள் என்று கேட்டார். காட்டினேன். குந்தி உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே எங்கள் ஊர்க் கோயில் மலை தெரியும்.

"எப்பவும் இதுலதான் எறங்குவாளா?"

"ஆங் அண்ணா. அண்ணிக்கு நல்லாவே வரும். அன்னிக்கி ஈரம்."

"நீ?"

"நான் எறங்கித் தள்ளிகினுதான் போவேன்."

பிறகு, "வழியெல்லாம் பேசிகினு வருவாளா?" என்று கேட்டார்.

"ஓயாம பேசுவாங்க."

"எங்க வூட்ல பேசுனா கேக்காதும்மா. தறி ஓடிகினே இருக்கும். நிறுத்துனா ரெண்டு பேரும் தூங்கிடுவோம்."

அவர் எழுந்து, பாறையின் ஓரமாகப் புல்லும் மண்ணுமாக இருந்த சரிவைச் செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தார். "மழ பேஞ்சா இப்டி எறங்கச் சொல்லு" என்றார். பிறகு முன்னால் நடந்தார். அவர் சொன்னது எனக்கு விளங்கவே ஏரிக்கரை வந்துவிட்டது. அன்று மத்தியானம் அண்ணிக்குப் போன் பண்ணி அப்படியே சொன்னேன். மறுமுனையில் தறிச் சத்தம் நின்றது. "நெஜமாவா?" என்றார்.

கட்டுப் பிரித்து, கை தேறி, அண்ணி மறுபடி ஹேண்டிலைப் பிடித்தது மாசியில். முதல் நாள் கேட்டிலிருந்து சீத்தாப் புதர் வரை போய்த் திரும்பினோம். பிடி இறுக்கினால் மணிக்கட்டு வலித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினார். பாறையில் பல வாரம் என்னோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு இறங்கினார். ஒரு நாள், நன்றாகக் காய்ந்திருந்த காலையில், சைக்கிள் மேல் ஏறி, பின் பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு இறங்கிப் போய்விட்டார். கீழே நின்று என்னைக் கேலி செய்யவும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

இப்போது அண்ணாவும் வருகிறார். சைக்கிள் வேண்டாம் என்கிறார். நாங்கள் வலப்பக்கமாக மிதித்துக் கிளம்பினால் அவர் இடப்பக்கமாக ஏரிக்கரையில் நடக்கத் தொடங்குவார். எங்கேயாவது எதிரெதிரே சந்திப்போம். அநேகமாகக் கரையில், அரச மரத்துக்குப் பக்கத்தில். அண்ணி சைக்கிளிலிருந்து இறங்கி அவரோடு தள்ளிக்கொண்டு நடப்பார். நான் முன்னால் போய் ரோட்டோர டீக்கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு உட்காருவேன். போன வாரம் டீ ஆறிப்போகும் வரை அவர்கள் வரவில்லை. கடைக்காரர் கேட்காமலே திரும்பச் சூடாக்கினார்.